வெக்கைக்கு ஒன்று, புழுக்கத்துக்கு ஒன்று: விசிறி, ஏர் கூலர், ஏசி ஒப்பீடு

"இங்கே 38 டிகிரி அடிக்கிறது. விசிறி போதுமா, கூலர் வாங்கலாமா, ஏசிக்கே போய்விடலாமா?" அந்த 38-ஐ மட்டும் வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. காற்று காய்ந்திருந்தால் 38 டிகிரி வெக்கை. காற்றில் ஈரம் கனத்திருந்தால் அதே 38 டிகிரி புழுக்கம். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதுபோல இரண்டுக்கும் மருந்தும் தனித்தனி. வெக்கையில் உயிர் கொடுக்கும் கூலர், புழுக்கத்தில் இருக்கிற அவஸ்தையைக் கூட்டும். புழுக்கத்தில் பெரிய ஆறுதலாக இருக்கும் விசிறி, உச்ச வெக்கையில் அனலை வாரி மேலே கொட்டும். வாங்குவதற்கு முன் உங்கள் கோடை இவற்றில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

## உடம்பின் கணக்கு

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு சுமார் 100 வாட் சூட்டை ஓயாமல் உண்டாக்குகிறது. அது வெளியேறியாக வேண்டும். வெயில் காலத்தில் தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டி இருக்கும். காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் சூடு நேராகக் காற்றுக்குப் போகும். காற்றும் 35-ஐ எட்டினால் அந்த வழி அடைபடும். அதையும் தாண்டினால் காற்றின் சூடு உடம்புக்குள் வரத் தொடங்கும். அப்போது கைகொடுப்பது வியர்வை மட்டுமே. ஒரு கிராம் வியர்வை காயும்போது சுமார் 2.4 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மணிக்கு 150 கிராம் காய்ந்தாலே அந்த 100 வாட் தீர்ந்துவிடும். ஆனால் அது தோலின் மேலேயே காய வேண்டும். சொட்டி விழும் வியர்வை சூட்டை எடுத்துப் போவதில்லை, உடம்பின் நீரும் உப்பும்தான் வீணாகின்றன.

வியர்வை எவ்வளவு வேகமாகக் காயும் என்பது இரண்டைப் பொறுத்தது. ஒன்று, தோலை ஒட்டிய ஈரத்துக்கும் காற்றிலுள்ள ஈரத்துக்கும் உள்ள இடைவெளி. மற்றொன்று, தோல்மேல் ஓடும் காற்றின் வேகம். காற்று அசையாத அறையில் உடம்பைச் சுற்றி ஈரமும் சூடும் கலந்த மெல்லிய காற்றுப் போர்வை ஒன்று படிந்திருக்கும், வீசும் காற்று அதைக் கலைத்துவிடும். ஏறக்குறைய அசைவற்ற காற்றிலிருந்து (நொடிக்கு 0.2 மீட்டர்) நொடிக்கு 1 மீட்டருக்குப் போனால் காயும் திறன் சுமார் இரண்டரை மடங்காகிறது. 1-லிருந்து 2-க்குப் போனால் ஒன்றரை மடங்குதான். விசிறியை முதல் இரண்டு புள்ளிகளில் வைக்கும்போது கிடைக்கும் சுகம், ஐந்தாம் புள்ளிக்கு ஏற்றும்போது அதே விகிதத்தில் கூடாதது இதனால்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

பனிநிலை (டியூ பாயின்ட்). காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. நல்ல வானிலைச் செயலிகள் எல்லாம் இதைக் காட்டுகின்றன. 16-க்குக் கீழே இருந்தால் காற்று லேசாக இருக்கும். 20-ஐத் தாண்டினால் கசகசப்பு தொடங்கும். 24-க்கு மேல் போனால் அசல் புழுக்கம்.

ஈரப்பதச் சதவீதத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காலையில் 27 டிகிரி, ஈரப்பதம் 90%. மதியம் 36 டிகிரி, ஈரப்பதம் 54%. காற்று காய்ந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஒரு துளி ஈரம்கூடக் குறையவில்லை. சூடான காற்றின் கொள்ளளவு கூடியதால் சதவீதம் இறங்கியது, அவ்வளவுதான். பனிநிலை இரண்டு வேளையும் 25 டிகிரியே.

ஈரக்குமிழ் வித்தியாசம். கூலர் வாங்கலாமா என்ற கேள்விக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான், இதை வீட்டிலேயே அளக்கலாம். சாதாரண கண்ணாடி வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. நிழலில் வைத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் குமிழில் மெல்லிய பருத்தித் துணியை ஒரே சுற்றாகச் சுற்றி, அறைச் சூட்டிலுள்ள சுத்தமான நீரில் நனைத்து, வேகமாக ஓடும் விசிறிக்கு எதிரே 5 நிமிடம் பிடியுங்கள். இறங்கி நிற்கும் எண்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை. இரண்டுக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் உங்களுடையது வெக்கை, 5-க்குக் கீழே இருந்தால் புழுக்கம். குளிர்ந்த நீரில் நனைத்துவிட்டு அவசரமாகப் படித்தாலோ, துணியைத் தடிமனாகச் சுற்றினாலோ அளவு தப்பும். கோடையின் ஒரே ஒரு நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் அதிகம் தவிக்கும் வேளையில் மூன்று நான்கு நாள் அளந்து பாருங்கள்.

மற்றவை. அறைக்கு எதிரெதிர்த் திறப்புகள் உண்டா, தண்ணீர் தாராளமாகக் கிடைக்குமா, மின்வெட்டு எவ்வளவு, கூரை நேரடி வெயிலில் காய்கிறதா, வீட்டில் முதியவர்களோ கைக்குழந்தைகளோ இருக்கிறார்களா. இவற்றில் கடைசிக் கேள்விக்கு மற்றவற்றைவிட அதிக எடை கொடுங்கள்.

## 'உணரும் வெப்பம்' என்று செயலி காட்டும் எண்

செயலியின் அந்த எண்ணை நம்பலாமா என்பது, அதன் பின்னால் எந்தச் சூத்திரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டின்படி 32 டிகிரியில் ஈரப்பதம் 40% என்றால் 33 போல உணர்வோம், 70% என்றால் சுமார் 41 போல. ஆனால் அது நிழலில், லேசான காற்றில் இருப்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம். கனடாவில் இதற்கு இணையாகப் பயன்படும் 'ஹியூமிடெக்ஸ்' என்ற குறியீடு காற்று வேகத்தைச் சேர்ப்பதே இல்லை.

காற்றையும் சேர்த்துக்கொள்ளும் எளிய சூத்திரம் ஆஸ்திரேலிய வானிலைத் துறையுடையது. வெப்பநிலையோடு நீராவி அழுத்தத்தின் (ஹெக்டோபாஸ்கலில்) 0.33 மடங்கைக் கூட்டி, காற்று வேகத்தின் (நொடிக்கு மீட்டரில்) 0.7 மடங்கையும் 4-ஐயும் கழிக்க வேண்டும். கடலோரத்தில் மதியம் 37 டிகிரி, ஈரப்பதம் 35%, காற்று வேகம் 1 என்றால் விடை ஏறத்தாழ 39.6. கடற்காற்று இறங்கி 32 டிகிரி, ஈரப்பதம் 65%, காற்று வேகம் 5 ஆனால் விடை 34.7. ஈரப்பதச் சதவீதம் ஏறக்குறைய இரட்டித்தும் உடம்புக்கு 5 டிகிரி இறங்கியிருக்கிறது. காற்று நின்றுவிட்டால் அதே ஈரம் 38 டிகிரிக்கு மேல் இழுத்துவிடும்.

## மூன்று விதமான நாள்கள், ஒரே பார்வையில்

| வெளிக்காற்று | 40 டிகிரி, 20% | 35 டிகிரி, 50% | 30 டிகிரி, 80% |
|---|---|---|---|
| பனிநிலை | 13 | 23 | 26 |
| ஈரக்குமிழ் வெப்பநிலை | 22.7 | 26.6 | 27.1 |
| வித்தியாசம் | 17 | 8.4 | 3 |
| கூலரிலிருந்து வரும் காற்று (80% திறன்) | 26 டிகிரி | 28 டிகிரி | 27.7 டிகிரி |
| அந்தக் காற்றின் ஈரப்பதம் | 74% | 87% | 95% |
| விசிறி மட்டும் | பலன் எல்லையில் | நல்ல பலன் | மிக நல்ல பலன் |
| ஏசியின் முக்கிய வேலை | சூட்டை இறக்குவது | இரண்டும் | ஈரத்தை வடிப்பது |
| முதல் தேர்வு | கூலர் | விசிறி. தாங்காவிட்டால் ஏசி | விசிறி. தூக்கத்துக்கு ஏசி |

## விசிறி

விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. அதன் மோட்டார் இழுக்கும் வாட் முழுவதும் கடைசியில் சூடாக அறைக்குள்தான் சேர்கிறது. அது குளிர்விப்பது உங்கள் தோலை. அதனால் ஆளில்லாத அறையில் விசிறியை ஓடவிடுவதில் எந்தப் பயனும் இல்லை.

புழுக்க நாளில் விசிறிக்கு நிகரான சிக்கனம் வேறெதிலும் கிடையாது. பழைய வகை மோட்டார் 70 முதல் 80 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி எனப்படும் புதிய வகை மோட்டார் 28 முதல் 35 வாட்தான். 10 மணி நேரத்துக்கு முக்கால் யூனிட், அல்லது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். உட்கார்ந்திருப்பவர்மேல் நொடிக்கு 0.8 மீட்டர் காற்று பட்டால் சுமார் 3 டிகிரி குறைந்தது போன்ற சுகம் கிடைக்கும்.

எல்லை எங்கே என்பதில்தான் குழப்பம். காற்று 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் விசிறியைப் பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2021-ல் வந்த கணக்கீட்டு ஆய்வு ஒன்று இளம் ஆரோக்கியமானவர்களுக்கு 39, முதியவர்களுக்கு 38, வியர்வையைக் குறைக்கும் மருந்து எடுக்கும் முதியவர்களுக்கு 37 என்று எல்லை போட்டது. ஈரமும் இதில் விளையாடுகிறது. 2019-ல் வெளியான ஆய்வகச் சோதனையில், 40 டிகிரியும் 50% ஈரப்பதமும் உள்ள அறையில் விசிறி உடல்சூட்டையும் இதயத்தின் பளுவையும் குறைத்தது. 47 டிகிரியும் 10% ஈரப்பதமும் உள்ள அறையில் இரண்டையும் கூட்டியது. வெப்பக் குறியீட்டின்படி பார்த்தால் முதல் அறைதான் மோசமானது! ஈரக்காற்றில் காயாமல் தேங்கும் வியர்வையை விசிறி காயவைக்கிறது. காய்ந்த காற்றிலோ வியர்வை வந்த உடனே தானாகக் காய்ந்துவிடுவதால் விசிறி செய்ய அங்கே வேலை மிச்சமில்லை, வெளிச் சூட்டை உடம்பில் ஏற்றுவதோடு சரி. அப்படிப்பட்ட நாளில் கை, முகம், கழுத்தில் தண்ணீரைத் தெளித்து ஈரமாக வைத்திருப்பது விசிறியைவிட நம்பகமானது. வியர்வை குறைவாகச் சுரக்கும் முதியவர்களுக்கு இந்த ஈரம் குறிப்பாக அவசியம்.

விசிறியில் தவறிப்போகும் இடங்கள் சில. வேகம் படிப்படியாகக் குறைந்து, கையால் சுற்றிவிட்டால்தான் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர் தேய்ந்திருக்கும். பழைய வகை மோட்டாரில் அது வழக்கமாக 2.5 மைக்ரோஃபேரட், அதே அளவில் மாற்றுங்கள். இறக்கைகள் தரையிலிருந்து 2.1 மீட்டருக்குக் குறையாமலும், கூரையிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் கீழேயும் இருக்க வேண்டும். கூரையை ஒட்டி மாட்டினால் மேலிருந்து காற்றை இழுக்க இடமிருக்காது. வெயில் நேரே விழும் மேல்தளத்தில் விசிறி அனலாக வீசினால் விசிறியைக் குறை சொல்லாதீர்கள், கூரையடியில் தேங்கிய சூட்டைத்தான் அது இறக்குகிறது. அங்கே முதல் செலவு கூரைக்கு நிழலோ வெள்ளைப் பூச்சோ.

## சன்னல் காற்று

செலவில்லாதது என்பதால் பலரும் நாள் முழுக்கச் சன்னலைத் திறந்தே வைக்கிறார்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும் வேளையில் அது சூட்டை விலைகொடுக்காமல் வாங்குவதாகும். வெயில் ஏறும் முன் மூடி, திரையிட்டு, வெளிவெப்பம் உள்வெப்பத்துக்குக் கீழே இறங்கியதும் திறப்பதே முறை. பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் காணும் வெக்கைப் பிரதேசங்களில் இது ஏசியின் தேவையையே குறைக்கும். புழுக்கப் பிரதேசங்களில் பனிநிலையே உயர்ந்திருக்கும், இரவிலும் வெப்பநிலை அதற்குக் கீழே போகாது. அங்கே சன்னலிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது குளிர்ச்சியை அல்ல, வீச்சை. காற்று வரும் திறப்பைவிட வெளியேறும் திறப்பு பெரிதாக இருந்தால் உள்ளே வரும் வீச்சு கூடும். ஒரே சுவரில் இரண்டு சன்னல் இருந்து எதிர்ச்சுவர் மூடியிருந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

## ஏர் கூலர்

ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் சுமார் 2,430 கிலோஜூல் சூடு காற்றிலிருந்து போகும். கூலரின் சாமர்த்தியம் முழுவதும் இதுதான். தொட்டியில் பனிக்கட்டி போட்டால் அதிகம் குளிரும் என்ற நம்பிக்கையையும் இதே எண்ணால் சோதிக்கலாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி, அறைச் சூட்டுக்கு வந்து சேரும் வரை எடுப்பது சுமார் 440 கிலோஜூல். ஆவியாகும் ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீர் செய்வதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

வெளிவரும் காற்றை நீங்களே கணக்கிடலாம். ஈரக்குமிழ் வித்தியாசத்தைத் திண்டின் (நீரில் நனைந்து, காற்று கடந்துபோகும் பகுதி) திறனால் பெருக்கி, வெளி வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். தேன்கூடு வகைத் திண்டு தடிமனாக இருந்தால் 80%-க்கு மேல் எட்டும், மரச்சீவல் திண்டு அதைவிடக் குறைவு. 40 டிகிரி வெக்கையில் 26 டிகிரிக் காற்று 100 முதல் 250 வாட்டில் கிடைப்பது உண்மையிலேயே பெரிய விஷயம். 30 டிகிரிப் புழுக்கத்தில் அதே இயந்திரம் 2 டிகிரி இறக்கிவிட்டு ஈரப்பதத்தை 95%-க்கு ஏற்றும். நீங்கள் உணரும் சுகம் அப்போது அதன் விசிறி தரும் சுகம்தான், ஈரம் போனஸாக வரும் தொல்லை.

கூலரைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பங்கு, அதை மூடிய அறைக்குள் வைப்பதால் வருபவை. அது வெளிக்காற்றை இழுக்க வேண்டும், ஈரமான காற்று மறுபக்கம் வெளியேறவும் வேண்டும். மணிக்கு 2,000 கனமீட்டர் காற்று தள்ளும் கூலருக்கு எதிர்ப்பக்கத்தில் சுமார் அரை சதுர மீட்டர் திறப்பு தேவை. மூடி வைத்தால் ஈரமான காற்றையே திரும்பத் திரும்ப ஈரமாக்கும், அரை மணி நேரத்தில் வெக்கை அறை புழுக்க அறையாகிவிடும். அளவு பார்க்க, அறையின் கனஅளவை 30-ஆல் பெருக்குங்கள். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் மணிக்கு சுமார் 1,100 கனமீட்டர் போதும்.

மறைந்திருக்கும் செலவு தண்ணீர். 2,000 கனமீட்டர் கூலர் 40 டிகிரி, 20% நாளில் மணிக்கு ஏறத்தாழ 13 லிட்டர் குடிக்கும், இரவு முழுக்க என்றால் நூறு லிட்டருக்கும் மேல். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தொட்டியில் மிஞ்சும் நீர் நாளுக்கு நாள் கடினமாகித் திண்டில் வெள்ளைப் படிவாக ஏறி, காற்றோட்டத்தை அடைக்கும். கொசுவின் முட்டை 7 முதல் 10 நாளில் பறக்கும் கொசுவாகிவிடுவதால், வாரத்துக்கு ஒருமுறையாவது தொட்டியை முழுக்க வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், மேலே தண்ணீர் நிரப்பிக்கொண்டே போகக் கூடாது. ஓட்டும்போது பம்பை முதலில் போட்டுத் திண்டு நனைந்தபின் விசிறியைப் போடுங்கள். நிறுத்தும்போது பம்பை அணைத்துவிட்டு விசிறியை 10, 15 நிமிடம் ஓடவிட்டால் திண்டு காய்ந்து, மறுநாள் பாசி நாற்றம் அடிக்காது. கூலரையும் ஏசியையும் ஒரே அறையில் ஒன்றாக ஓட்டவே வேண்டாம். ஒன்று ஏற்றும் ஈரத்தை மற்றொன்று மின்சாரம் செலவழித்து வடித்துக்கொண்டிருக்கும்.

## ஏசி

இவற்றில் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து இறக்குவது ஏசி மட்டுமே. அதன் குளிர்ந்த சுருள் பனிநிலைக்குக் கீழே இருப்பதால் நீராவி அதில் படிந்து குழாய் வழியாக வடிகிறது. ஒரு லிட்டர் நீரை வடிக்க சுமார் 0.68 கிலோவாட்-மணி குளிர்ச்சித் திறன் செலவாகிறது. புழுக்க நாளில் வெப்பமானி மெதுவாக இறங்குவதற்குக் காரணம் ஏசியின் பழுது என்று எண்ணிவிடாதீர்கள், பாதி உழைப்பு ஈரத்தில் போய்க்கொண்டிருக்கலாம்.

"பெரிதாக வாங்கினால் நல்லது" என்ற யோசனை புழுக்கப் பிரதேசத்தில்தான் அதிகம் காலை வாரும். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் குளிர்ச்சி. சின்ன அறைக்கு 2 டன் போட்டால் சில நிமிடங்களில் வெப்பநிலை இறங்கி கம்ப்ரசர் நின்றுவிடும், சுருள் ஈரத்தை வடிக்க நேரமே கிடைக்காது. முடிவில் 23 டிகிரியில் சில்லென்று, ஆனால் பிசுபிசுவென்று ஓர் அறை. இன்வெர்ட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்து நெடுநேரம் ஓடும் என்பதால் இந்தக் குறை அதில் குறைவு. ஈரம் வடிய வேண்டுமானால் ஏசியின் உள்விசிறியைக் குறைந்த வேகத்தில் வையுங்கள், அல்லது 'ட்ரை' முறையில் ஓட்டுங்கள்.

சிறந்த கலவை, ஏசியை 26 அல்லது 27-ல் வைத்துக் கூரை விசிறியை நிதானமாக ஓட்டுவது. ஏசி ஈரத்தை வடிக்கும், விசிறி 3 டிகிரிச் சுகத்தைக் கூட்டும், 24 டிகிரி போல இருக்கும். 22-ல் வைத்துக் கம்பளி போர்த்துவதைவிட இது உடம்புக்கும் மின்கட்டணத்துக்கும் நல்லது. வடிகட்டியைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், தூசியடைத்தால் சுருளில் பனி உறைந்து காற்றே வராமல் போகும். உள்ளே நீர் சொட்டினால் முதலில் வடிகுழாய் அடைப்பைப் பாருங்கள். சக்கரம் வைத்த ஒற்றைக் குழாய் ஏசி, அறைக்காற்றையே வெளியே தள்ளுவதால் அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து சூடான ஈரக்காற்று கதவிடுக்குகள் வழியாக நுழையும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அதை வாங்கலாம்.

## ஈரம் நீக்கி

வெப்பம் 25-ஐ ஒட்டியிருந்து ஈரம் மட்டும் தொல்லை கொடுக்கும் அறைக்கு, பூசணம் பிடிக்கும் கிடங்குக்கு, துணி காயாத மழைக்காலத்துக்கு நல்ல கருவி. கோடைக்கு வாங்காதீர்கள். நாளுக்கு 20 லிட்டர் எடுத்து 300 வாட் இழுக்கும் கருவி, நீராவி துளியாகும்போது வெளிவரும் சூட்டையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 870 வாட்டை அறைக்குள்ளேயே விடும்.

## வாங்கும் வரிசை

ஈரக்குமிழ் வித்தியாசம் 10-க்கு மேல், தண்ணீர் உண்டு, எதிரெதிர்த் திறப்பு உண்டு என்றால் கூலர். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கூலரை விட்டுவிடுங்கள். வித்தியாசம் 5-க்குக் கீழே என்றால் நல்ல பி.எல்.டி.சி விசிறிதான் முதல் செலவு, இரவுத் தூக்கம் கெட்டால் படுக்கையறைக்கு மட்டும் சரியான அளவில் ஓர் ஏசி. 5-க்கும் 10-க்கும் நடுவே இருப்பவர்கள், கோடையின் முதல் பாதி வெக்கை, பின்பாதி புழுக்கம் என்று மாறுகிறதா எனப் பாருங்கள். மாறுகிறது என்றால் கூலர் இரண்டு மாதத்தில் மூலைக்குப் போய்விடும், அந்தப் பணத்தை ஏசிக்குச் சேர்ப்பது மேல். வீட்டில் முதியவர், கைக்குழந்தை, இதயநோயாளி இருந்து பகல்வெப்பம் 38-ஐத் தாண்டுமானால் ஓர் அறையிலாவது ஏசி வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மின்வெட்டு நீளும் இடத்தில் ஏசியை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. பேட்டரியில் ஓடும் 30 வாட் விசிறி ஒன்று, நிரப்பி வைத்த தண்ணீர், தோலை நனைக்க ஒரு துணி ஆகியவை எப்போதும் தயாராக இருக்கட்டும்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35-ஐ எட்டினால் மனித உடம்பு சூட்டை இறக்கவே முடியாது என்று 2010-ல் கணக்கிட்டார்கள். 2022-ல் வெளிவந்த சோதனைகளில், இளமையும் ஆரோக்கியமும் உள்ளவர்களுக்கே ஈரமான காற்றில் எல்லை 31-ஐ ஒட்டி இருந்தது. உங்கள் துணி சுற்றிய வெப்பமானி 30-ஐ நெருங்கும் நாளில் வெளிவேலையைத் தள்ளிப்போடுங்கள். யாராவது உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. உடனே ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும் வரை நிழலுக்குக் கொண்டுபோய், மேலாடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.